பூந்தமல்லியிலிருந்து கேள்வியோடு ஒரு நடை

விடிகாலை ஐந்தரை மணிக்குப் பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் நின்று பார்த்தால் இரண்டு வகை மனிதர்கள் தென்படுவார்கள். ஒரு வகையினர் எங்கேயோ போகிறவர்கள்: பூக்கூடைக்காரர், பால் வண்டிக்காரர், முதல் ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் பிடிக்க ஓடுகிறவர். இன்னொரு வகையினர் எங்கேயும் போகாதவர்கள். மெட்ரோ தூணுக்கு அடியில் கிளம்பி, ஒரு சுற்றுப் போய், கிளம்பிய தூணுக்கே வந்து சேர்வார்கள். கேட்டால் 'வாக்கிங்' என்பார்கள். பெரும்பாலும் சர்க்கரைக்காக. ஆனால் அவர்களுக்குள்ளேயே சிலர் உதடு லேசாக அசைய, எதிரில் வருகிறவரைக் கவனிக்காமல் நடப்பார்கள். நேற்று சிக்கலாகி நின்ற ஒரு வேலையை மனசுக்குள் பிரித்துப் போட்டுப் பார்க்கிறவர்கள் அவர்கள். நடந்துகொண்டே யோசிக்கிற அந்தப் பழக்கத்துக்கும் ஊர், பேர், வம்சாவளி எல்லாம் உண்டு. அதில் ஒரு கிளை இந்த டிரங்க் ரோட்டிலேயே இருக்கிறது.

இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களைக் கவனியுங்கள்: குமணன்சாவடி, கரையான்சாவடி. சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். பஸ் ஸ்டாப் பெயராக மட்டுமே நாம் உச்சரிக்கும் இவை, ஒரு காலத்தில் கால் வலித்தவர்கள் உட்கார்ந்த இடங்கள். இதே நெடுஞ்சாலையில் கொஞ்சம் தள்ளிப் போனால் இன்றைக்கும் எல்லோரும் நிற்கிற சாவடி ஒன்று வரும். அது சுங்கச்சாவடி, அங்கே யாரும் இளைப்பாறுவதில்லை.

கதை இங்கே ஆரம்பிக்கவில்லை. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் புத்தகயையில் ஆரம்பிக்கிறது. ஞானம் பெற்ற புத்தர் அடுத்து வந்த வாரங்களில் ஒன்றைப் போதி மரத்தின் பக்கத்தில் மேலும் கீழும் நடந்தே கழித்தார் என்பது பௌத்த மரபு. இப்படி ஒரே பாதையில் போவதும் திரும்புவதுமான நடைக்குப் பாலியில் 'சங்கம' என்று பெயர், வடமொழியில் சங்கிரமணம். அங்குத்தர நிகாயம் இதற்கு ஐந்து பலன்களைச் சொல்கிறது: நெடும்பயணத்துக்கு உடல் தாங்கும், முயற்சிக்கு வலு வரும், நோய் அண்டாது, உண்டது செரிக்கும், நடையில் கிடைத்த மன ஒருமை நெடுநேரம் நிலைக்கும். இந்த ஐந்தாவது பலன் மேல் ஒரு கண் வைத்திருங்கள். கலிபோர்னியாவில் அது மறுபடி தலைகாட்டும்.

7ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தியாவுக்கு வந்த சீனத் துறவி யிஜிங், எதையும் அளந்து எழுதுகிற ஆள். இந்தியாவில் துறவிகளும் இல்லறத்தாரும் சந்தடியில்லாத பாதையில் குறிப்பிட்ட வேளைகளில் முன்னும் பின்னும் நடக்கிறார்கள், உடம்புக்கும் செரிமானத்துக்கும் நல்லது என்று குறித்துக்கொண்டு போனார். புத்தர் நடந்த இடங்களில் செங்கல்லால் மேடை கட்டியிருந்ததையும் எழுதினார்: அகலம் இரண்டு முழம், நீளம் பதினான்கு பதினைந்து முழம், மேலே சுண்ணாம்பில் செய்த தாமரைகள். பதினைந்து முழம் என்பது நம் வீட்டு மொட்டை மாடியைவிடச் சின்னது. 'நடக்க இடமே இல்லை சார்' என்று அலுத்துக்கொள்கிறவர்கள் யோசிக்க வேண்டிய கணக்கு.

இந்த நடை கடல் தாண்டியது. இலங்கையின் ரிட்டிகல, அரங்கலை வனவிகாரைகளில் கல் பாவிய தியானப் பாதைகளை இன்றும் பார்க்கலாம். ஜப்பானில் ஜென் துறவிகள் இரண்டு தியான அமர்வுகளுக்கு நடுவே எழுந்து மெதுவாக நடப்பார்கள்; பெயர் கின்ஹின். ஜென்னுக்கு மூலபுருஷரான போதிதர்மர் காஞ்சிபுரத்துக்காரர் என்று நம் பக்கத்தில் அடித்துச் சொல்வார்கள். அவர் ஊர் எது என்பதில் பழைய சீன நூல்களே ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை என்பதால், நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

கிரேக்கத்தில் நடந்தது வேறு கதை. அங்கே ஒரு பெயர்க்குழப்பம்தான் பழக்கத்தைப் பிரபலமாக்கியது. கி.மு. 335 வாக்கில் ஏதென்ஸ் திரும்பிய அரிஸ்டாட்டில் லைசியம் என்ற இடத்தில் பாடம் சொல்லத் தொடங்கினார். அங்கிருந்த கூரையிட்ட நடைபாதைக்குப் 'பெரிபடோஸ்' என்று பெயர். அதை வைத்து அவருடைய ஆட்களுக்குப் பெரிபடெடிக் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பின்னால் வந்தவர்கள், நடந்துகொண்டே பாடம் நடத்தியதால் வந்த பெயர் என்று கதை கட்டினார்கள். அந்தக் கதை பெயரைவிட நன்றாக இருந்ததால் அதுவே நின்றது. அரபு மொழிக்கு அரிஸ்டாட்டில் போனபோது பெயரையும் அப்படியே மொழிபெயர்த்தார்கள்: மஷ்ஷாயீன், அதாவது நடக்கிறவர்கள். இப்னு சீனாவும் இப்னு ருஷ்தும் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். ஒரு தாழ்வாரத்தின் பெயர் இரண்டு கண்டங்களைக் கடந்து 'நடக்கும் தத்துவவாதிகள்' ஆனது இப்படித்தான்.

தமிழர்கள் நடையை இலக்கிய வடிவமாகவே ஆக்கியவர்கள். பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள். பெரும்பாலும் பரிசு பெற்றுத் திரும்புகிற ஒருவன் எதிரே வருகிற ஏழைக் கலைஞனுக்கு வழி சொல்வதுதான் ஏற்பாடு. அவற்றில் பெரும்பாணாற்றுப்படை காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் போகிற வழியைப் பாடுகிறது. பூந்தமல்லியைத் தாண்டி மேற்கே போகிற சாலையும் அதே காஞ்சிக்குத்தான் போகிறது.

அந்தச் சாலையில் பூந்தமல்லிக்கு அடுத்தே திருமழிசை. ஆழ்வார்களில் ஒருவர் பிறந்த ஊர். திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணனைக் காஞ்சி மன்னன் ஊரைவிட்டுப் போகச் சொன்னான். ஆழ்வாரும் கூடவே கிளம்பினார். பெருமாளையும் கிளம்பச் சொன்னார். அவரும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடந்தார் என்கிறது குருபரம்பரைக் கதை. மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் ஓரிருக்கை. கடவுளையே நடக்க வைத்த ஊர்க்காரர்களுக்கு வாக்கிங்கின் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் எனக்குப் பிடித்த கதை பூந்தமல்லியிலேயே இருக்கிறது. பூவிருந்தவல்லி என்ற பழைய பெயரிலேயே பூ இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் இங்கே பிறந்தவர் திருக்கச்சி நம்பி. நந்தவனம் வைத்து, பூத்தொடுத்து, காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கு எடுத்துப் போய்ச் சாத்தி, விசிறி வீசுவது அவர் தொண்டு. தினமும் இங்கிருந்து காஞ்சிக்கு நடந்தார் என்று இந்த ஊரில் சொல்வார்கள். இங்கே எனக்குக் கணக்கு இடிக்கிறது. காஞ்சி ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். போய் வர நூறு. மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வீதம் நடந்தாலும் இருபது மணி நேரம். மீதி நாலு மணி நேரத்தில் பூப்பறித்து, தொடுத்து, விசிறி வீசி, தூங்கியும் எழுந்திருக்க வேண்டும். பக்தி கணக்குக்குக் கட்டுப்படாது என்றால் சரி. முதுமையில் அவரால் நடக்க முடியாமல் போனபோது வரதரே பூந்தமல்லிக்கு வந்து காட்சி தந்தார், அதனால்தான் இங்கே வரதராஜர் கோயில் என்று தலபுராணம் முடிகிறது.

விஷயம் தூரத்தில் இல்லை. விசிறி வீசும்போது வரதர் நம்பியோடு பேசுவார் என்று ஊரே நம்பியது. ஆகவே மனிதர்கள் தங்கள் கேள்விகளை நம்பியிடம் கொடுத்தனுப்பினார்கள். அப்படிக் கொடுத்தவர்களில் ஓர் இளைஞர், இதே சாலையில் ஸ்ரீபெரும்புதூரில் 1017இல் பிறந்தவர். பெயர் இராமானுஜர். குருவான யாதவப்பிரகாசரோடு கருத்து வேறுபட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் நின்ற நேரம். நம்பி அவருக்குச் சொன்ன யோசனை என்ன தெரியுமா? புத்தகம் அல்ல, விரதம் அல்ல. சாலைக் கிணற்றிலிருந்து தினமும் ஒரு குடம் தண்ணீர் எடுத்துக்கொண்டு வரதர் கோயிலுக்கு நடந்து வா என்பதுதான். குழம்பிய மாணவனுக்குத் தினசரி நடை! பிறகு ஒரு நாள் இராமானுஜர் மனத்தில் அரித்துக்கொண்டிருந்த ஐயங்களை நம்பி வழியாக வரதரிடம் கேட்டனுப்ப, திரும்பி வந்த பதில்களைத்தான் வைணவர்கள் ஆறு வார்த்தைகள் என்று போற்றுகிறார்கள். பின்னாளில் இதே இராமானுஜர் திருவரங்கத்திலிருந்து திருக்கோட்டியூருக்கு, அங்கிருந்த குருவிடம் மந்திரம் கேட்டு, பதினெட்டு முறை நடந்தார். பதினேழு முறை வெறுங்கையோடு திரும்பினார். பதினேழு திரும்பு நடைகளில் ஒரு மனிதன் என்னவெல்லாம் யோசித்திருப்பான் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. பதினெட்டாம் முறை கிடைத்த மந்திரத்தை, குருவின் தடையை மீறி ஊருக்கே உரக்கச் சொல்லிவிட்டார் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நம்பி வெறும் பூவோடு போகவில்லை. பூவோடு ஒரு கேள்வியையும் எடுத்துப் போனார். இனி வரப்போகிற ஐரோப்பியக் கதைகளிலெல்லாம் இந்தக் கேள்வி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வாருங்கள்.

1749. பாரிஸ். ஜான் ஜாக் ரூசோவிடம் வண்டிக் கூலிக்குக் காசில்லை. நண்பர் திதரோ வான்சென் கோட்டையில் சிறையில் இருக்கிறார். பார்க்கப் போக வேண்டுமென்றால் இரண்டு லீக், ஏறக்குறைய பத்து கிலோமீட்டர், நடைதான். வேகமாக நடந்து களைத்துவிடாமலிருக்க ரூசோ ஒரு தந்திரம் செய்தார்: கையில் ஒரு பத்திரிகையை வைத்துப் படித்துக்கொண்டே நடந்தார். (இன்று போனைப் பார்த்துக்கொண்டே நடக்கிறவர்களைத் திட்டுவதற்கு முன் இதை நினைவில் கொள்ளவும்.) அதில் தீஜோன் நகரக் கழகத்தின் பரிசுப் போட்டி அறிவிப்பு கண்ணில் பட்டது: கலையும் அறிவியலும் வளர்ந்ததால் மனிதர் ஒழுக்கம் மேம்பட்டதா? படித்த கணம் தலை சுற்றியது, ஒரு மரத்தடியில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன், எழுந்தபோது சட்டை கண்ணீரில் நனைந்திருந்தது என்று பின்னால் எழுதினார். 'இல்லை' என்ற அவர் விடைக்கு 1750இல் பரிசு கிடைத்தது. ஐரோப்பாவே அந்த விடையோடு சண்டை போட்டது. ரூசோவும் அதோடு நடையை விடவில்லை. தனிமை நடைகளைப் பற்றிய கடைசி நூலுக்கான குறிப்புகளைச் சீட்டுக்கட்டின் அட்டைகளில் கிறுக்கிவைத்தார். அவற்றில் இருபத்தேழு சீட்டுகள் இன்னும் பத்திரமாக இருக்கின்றன.

கோனிக்ஸ்பெர்க் நகரில் இமானுவேல் கான்ட் தினமும் ஒரே நேரத்தில் நடப்பார், அவரைப் பார்த்து அக்கம்பக்கத்தார் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள் என்ற கதையைக் கேட்டிருப்பீர்கள். ரூசோவின் 'எமீல்' கையில் கிடைத்த நாளில் மட்டும் அந்த நடை தவறியதாம். அதிகம் சொல்லப்படாத இன்னொன்று: கான்ட் துணையோடு நடக்க விரும்பாததற்குக் காரணம் தத்துவம் இல்லை. பேசினால் வாயால் மூச்சு விட வேண்டியிருக்கும், மூக்கால் விடுவதே உடம்புக்கு நல்லது என்பது அவர் கொள்கை.

நீராவி இயந்திரத்துக்கும் ஒரு நடை உண்டு. கிளாஸ்கோ பல்கலைக்கழகம் பழுது பார்க்கக் கொடுத்த நியூகோமன் இயந்திர மாதிரியோடு ஜேம்ஸ் வாட் ஓராண்டுக்கு மேல் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுழற்சியிலும் உருளையைக் குளிரவைத்துச் சூடாக்குவதில் நீராவி வீணாகிறதே என்பதுதான் கேள்வி. 1765இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பசும்புல் வெளியில் நடந்தபோது விடை வந்தது: நீராவியைத் தனியாக வேறொரு கலத்தில் குளிரவை. ஆனால் ஸ்காட்லாந்தில் அப்போது ஞாயிறன்று கையில் வேலையைத் தொடக் கூடாது. தொழிற்புரட்சி ஒரு நாள் முழுக்க வாட்டின் தலைக்குள்ளேயே காத்திருந்தது.

டப்ளின் கதைதான் எல்லாவற்றிலும் வீட்டு வாசனை உள்ளது. கணிதர் வில்லியம் ரோவன் ஹாமில்டன் மூன்று மூன்றாகச் சேர்ந்த எண்களைப் பெருக்க வழி தேடிப் பல ஆண்டுகள் தவித்தார். 1843 அக்டோபரில் தினமும் காலைச் சாப்பாட்டுக்கு இறங்கி வரும்போது அவருடைய பையன்கள், அப்பா, பெருக்க வந்துவிட்டதா என்று கேட்பார்களாம். இல்லை, கூட்டவும் கழிக்கவும்தான் வருகிறது என்று தலையை ஆட்டுவார். அந்த மாதம் 16ஆம் தேதி, ஒரு கூட்டத்துக்காக மனைவியோடு ராயல் கால்வாய்க் கரையில் நடந்து போனார். மனைவி ஏதோ பேசிக்கொண்டு வந்தார். இவர் காதில் பாதிதான் விழுந்தது. புரூம் பாலத்தருகே பொறி தட்டியது: மூன்று போதாது, நான்கு வேண்டும். கையிலிருந்த கத்தியால் பாலத்துக் கல்லிலேயே சூத்திரத்தைக் கீறினார். குவாட்டர்னியன் என்ற அந்த எண்கள்தான் இன்று விண்கலத்தைத் திருப்பவும், உங்கள் பிள்ளை விளையாடும் முப்பரிமாண வீடியோ கேமில் உருவங்களைச் சுழற்றவும் உதவுகின்றன. கீறல் அழிந்துவிட்டது. 1990இலிருந்து ஆண்டுதோறும் அக்டோபர் 16 அன்று அதே வழியில் கணிதர்கள் கூட்டமாக நடக்கிறார்கள். கணிதத்துக்கும் ஒரு பாதயாத்திரை!

1846இல் சார்லஸ் டார்வின் தன் வீட்டை ஒட்டி ஒரு துண்டு நிலத்தைப் பக்கத்து வீட்டு லபக்கிடமிருந்து வாடகைக்கு எடுத்து, மணல் கொட்டிய சுற்றுப் பாதை ஒன்றை அமைத்தார். தினமும் சுற்றுவார். எத்தனை சுற்று என்ற எண்ணிக்கையில் மூளையைச் செலவழிக்காமலிருக்கச் சில கற்களைக் குவித்துவைத்து, ஒரு சுற்றுக்கு ஒரு கல்லைக் காலால் தட்டிவிடுவார். நமக்கு இது புதுசா? அமாவாசையும் திங்கட்கிழமையும் சேர்ந்து வரும் நாளில் அரச மரத்தை 108 முறை சுற்றுகிறவர்கள், சுற்றுக்கு ஒன்றாக ஏதாவதொரு பொருளை வைத்துக்கொண்டேதான் வருகிறார்கள். எண்ணுகிற வேலையைக் கைக்குக் கொடுத்துவிட்டு மனத்தை விடுவிப்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இதே காலத்தில் நடை ஒரு தண்டனையாகவும் இருந்தது. 1818இல் வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலப் பொறியாளர், கைதிகள் சும்மா இருக்கக் கூடாதென்று படிகள் வைத்த பெரிய உருளை ஒன்றை வடிவமைத்தார். ஏறிக்கொண்டே இருக்க வேண்டும், எங்கும் போய்ச் சேர முடியாது. டிரெட்மில் பிறந்தது இப்படித்தான். ஆஸ்கார் வைல்டும் சிறையில் அதில் ஏறியவர். நம் ஊரில் அதன் உறவுக்காரன் செக்கு. 1908இல் தண்டிக்கப்பட்ட வ.உ. சிதம்பரனாரைக் கோயம்புத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் கட்டினார்கள். சிறைக்காலத்திலும் அவர் மனம் எழுத்திலேயே இருந்தது. 1909இல் வெளிவந்த அவருடைய 'மனம்போல வாழ்வு' ஜேம்ஸ் ஆலன் நூலின் தமிழாக்கம். ஆனால் நடை அவரைச் சிந்திக்க வைத்தது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. செக்கு செக்குதான். விரும்பி நடப்பதும் கட்டி இழுக்கப்படுவதும் ஒன்றல்ல.

1891இல் ஜெர்மன் அறிவியலர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தன் எழுபதாவது பிறந்தநாள் விழாவில் மனம் திறந்தார்: நல்ல யோசனைகள் மேஜையில் வருவதில்லை, எல்லாப் பக்கமும் புரட்டிப் பார்த்துக் களைத்த பிறகு, வெயிலடிக்கும் நாளில் மரமடர்ந்த குன்றில் மெதுவாக ஏறும்போது வருகின்றன. இதைப் பிடித்துக்கொண்டு இங்கிலாந்தின் கிரஹாம் வாலஸ் 1926இல் படைப்புச் சிந்தனையை நான்கு கட்டங்களாக வகுத்தார்: தயாரிப்பு, அடைகாத்தல், பொறி தட்டல், சரிபார்ப்பு. அடைகாத்தல் என்ற சொல்லில் எல்லாம் அடங்கிவிட்டது. முட்டை இல்லாமல் அடைகாக்க முடியாது. நம்பிக்கு இராமானுஜரின் ஐயங்கள், ரூசோவுக்குப் பரிசுக் கேள்வி, வாட்டுக்கு வீணாகும் நீராவி, ஹாமில்டனுக்குப் பிள்ளைகளின் காலைத் தொல்லை.

பிரதியெடுப்பு இல்லாமல் எந்தப் பழக்கமும் பரவாது. ஹைடல்பெர்கில் ஆற்றங்கரைக் குன்றின்மேல் 'தத்துவவாதிகள் பாதை' இருக்கிறது. பல்கலைக்கழக மாணவர்கள் சுற்றித் திரிந்ததால் வந்த பெயர் என்பார்கள். கியோட்டோவில் 1890இல் பீவா ஏரித் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவரக் கால்வாய் வெட்டி முடித்தார்கள். அதன் கிளையை ஒட்டிய கரையில் பேராசிரியர் நிஷிதா கிதாரோ நடந்து நடந்து யோசித்தார். ஜென் பழகியவர், ஜெர்மன் தத்துவம் படித்தவர். அந்த வழிக்கும் தத்துவப் பாதை என்றே பெயர் வந்தது. புத்தகயையில் கிளம்பிய நடையும் ஏதென்ஸில் கிளம்பிய நடையும் கடைசியில் சந்தித்துக்கொண்டது ஒரு கால்வாயின் கரையில்.

பிறகு வியாபாரி வந்தார். டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த அடுத்த ஆண்டு, 1965இல், ஜப்பானின் யாமாசா கடிகாரக் கம்பெனி ஒரு காலடி எண்ணும் கருவியை விற்பனைக்கு விட்டது. பெயர் மான்போ-கெய், பத்தாயிரம் அடி மீட்டர். மருத்துவர்கள் ஆராய்ந்து சொன்ன எண் அல்ல அது. கேட்க நன்றாக இருந்த எண். இன்று குமணன்சாவடியில் ஒருவர் இரவு பத்து மணிக்கு வீட்டு ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்து 9,700ஐப் பத்தாயிரமாக்குகிறார் என்றால், அந்தக் கடிகாரக் கம்பெனிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். நடையோடு போன கேள்வி கழன்று விழுந்து எண்ணிக்கை மட்டும் மிஞ்சியது இந்தக் கட்டத்தில்தான் என்பது என் குற்றச்சாட்டு.

2014இல் கேள்வி திரும்பி வந்தது. கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மேரிலி ஒப்பெஸ்ஸோ, டேனியல் ஷ்வார்ட்ஸ் இருவரும் நான்கு சோதனைகள் நடத்தினார்கள். மொத்தம் 176 பேர். ஒரு சட்டைப் பொத்தானை, ஒரு டயரை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பது போன்ற கேள்விகள். நடந்தபோது புது யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் கூடின. வெற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டு டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது. கியூபிட்டின் தண்டனைக் கருவிக்கு இருநூறு ஆண்டு கழித்து விடுதலை. சக்கர நாற்காலியில் வெளியே தள்ளிக்கொண்டு போனவர்களோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்: காட்சி மாறுவதைவிடக் கால் அசைவதுதான் முக்கியம். ஆனால் ஒரே ஒரு சரியான விடை உள்ள சொற்புதிருக்கு நடை உதவவில்லை, கொஞ்சம் பின்னடைவுகூட. கணக்குப் பிள்ளை ஐந்தொகையைச் சரிபார்க்க உட்காருவதே நல்லது. இன்னொரு முடிவு, நடந்து முடித்து உட்கார்ந்த பிறகும் அந்தப் பலன் சற்று நேரம் நீடித்தது. அங்குத்தர நிகாயத்தின் ஐந்தாவது பலன்!

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் இன்று நிதானமாக நடப்பது சுலபமில்லை. நடைபாதை இருக்கிற இடத்தில் கடை இருக்கிறது, கடை இல்லாத இடத்தில் பைக் நிற்கிறது. ஆனால் வரதராஜர் கோயில் பிராகாரம் இருக்கிறது. உள்ளே நம்பிக்குச் சன்னிதியும் இருக்கிறது. அதுவும் தோதுப்படாவிட்டால் யிஜிங்கின் பதினைந்து முழம் எந்த மாடியிலும் கிடைக்கும். கிளம்பும் முன் ஒரு கேள்வியை, ஒன்றே ஒன்றை, சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வந்து உட்கார்ந்ததும் போனில் எத்தனை அடி என்று பார்ப்பதற்கு முன்னால் தோன்றியதை எழுதிவிடுங்கள். ரூசோவைப் போலச் சீட்டுக்கட்டு தேட வேண்டாம், பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் போதும்.